சுவரில் பேர் கீறும் மாப்பிள்ளை

என் தங்கச்சி புருஷனுக்கு இரும்புக் கதவு அடிக்கிற தொழில். லீவு கிடைத்தால் போதும், ஊர் ஊராகக் கோட்டை, அரண்மனை பார்க்கக் கிளம்பிவிடுவார். பார்க்க என்றா சொன்னேன்? தப்பு. போன கையோடு சட்டைப் பையிலிருந்து ஆணியை எடுப்பார், குடும்பத்துப் பேர்களைச் சுவரில் கீறுவார், திரும்பி வந்து பஸ் ஏறுவார். நாட்டில் ஒரு பழைய கட்டடத்தை விட்டுவைக்கவில்லை மனுஷன். எந்த ராஜாவோ கட்டின சுவரில் என் பேரும் கிடக்கிறது என்று நினைத்தாலே எனக்குக் குமட்டும்.

கேட்டால், "சொந்தமா ஒரு செங்கல்லு உண்டா மச்சான் நமக்கு? பேராவது நிக்கட்டுமே" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்.

தங்கச்சி எல்லா இடத்துக்கும் போயிருக்கிறாள், எதையும் பார்த்ததில்லை. வாசலில் பைகளுக்குக் காவல் அவள்தான். உள்ளே காலெடுத்து வைப்பதற்குள் இவர் வேலையை முடித்துக்கொண்டு "கிளம்பு, கிளம்பு" என்பார். இந்த முறை மலைமேல் ஓர் அரண்மனை. ராணியின் அறையில் கூரை முழுக்க ஓவியமாம். புறப்படும்போதே சொல்லிவிட்டாள்: "அந்தக் கூரையப் பாக்காம நான் பஸ் ஏற மாட்டேன்." துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள்.

முன்மண்டபமே கண்றாவி. தூணெல்லாம் எச்சில், அம்பு குத்தின இதயம், எவனெவன் பேரோ. அந்த அசிங்கத்திலும் நம்ம ஆள் இண்டு இடுக்கு தேடி ஆணியை ஊன்றினார். காவலாளி பின்னால் வந்து சட்டையைப் பிடித்தான்.

"கூட வந்தவங்க யாரு? மொத்தப் பேரும் வெளிய போங்க!"

"பொண்டாட்டி பேரத்தான் சார் எழுதுனேன், ஆசையா" என்று இளித்தார் மாப்பிள்ளை. "அதோ நிக்கிறா பாருங்க."

காவலாளி அவளிடம் திரும்பினான். "உங்க வீட்டுக்காரராம்மா இவரு?"

தங்கச்சி டிக்கெட்டை நீட்டினாள். "யாருன்னே தெரியலீங்க. நானும் எங்கண்ணனும் மட்டுந்தான் வந்தோம்."

"அடியே!"

"பாருங்க, முன்னபின்ன தெரியாத பொம்பளைய அடியேங்கறாரு."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். மாப்பிள்ளையைத் தரதரவென்று இழுத்துப் போனார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே நடந்தாள்.

ராணியின் அறை மூலையில் எவனோ ஒன்றுக்குப் போய் வைத்திருந்தான். "தூ! பாத்தது போதும், வா" என்றேன்.

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்தபடியே நகர்ந்தாள்.

"இருண்ணே. அந்தப் பக்கம் இன்னும் பாக்கல."