சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்பவர்

“பாஸ்வேர்டு போடுங்க” என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அவர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். தலையை மட்டும் ஒப்புக்குத் திருப்பும் வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, மூக்குக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்பார். “போட்டாச்சு, திரும்புங்க” என்று வீட்டுக்காரர் வாய் திறந்து சொன்னால்தான் திரும்புவார்.

வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டரும் போனும் பழுது பார்ப்பது அவர் தொழில். சுற்றுவட்டாரத்தில் ‘சுவர்க்காரர்’ என்றால்தான் தெரியும். அவரும் வீடுகளைச் சுவரை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார். கதவு எண் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். “ஓ, ஜன்னலுக்குக் கீழ ஆறு மாதிரி விரிசல் ஓடுமே, அந்த வீடா?” என்று அவரே கேட்டுவிட்டால் பிசகாது. சுவரில் ஒரு படம் கோணலாகத் தொங்கினால் மட்டும் கை பரபரக்கும். அடுத்தவர் வீட்டுப் பொருளாயிற்றே என்று கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொள்வார்.

பையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. நாலைந்து திருப்புளி, ஒரு பழைய பல் பிரஷ், ஒரு டப்பா பல்குச்சி. சார்ஜ் ஏறவில்லை என்று அழுதுகொண்டு வரும் போனில் பாதிக்கு நோய் சார்ஜர் செருகும் துளையில் அடைத்த அழுக்குதான். பல்குச்சியால் பதமாக நோண்டி எடுத்து, “சட்டைப் பையில இருந்த பஞ்செல்லாம் இது வயித்துலதான் இருக்கு பாருங்க” என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, “கடைசியா என்ன பண்ணீங்க?” எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: “நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க.”

“ஒண்ணுமே பண்ணாத வீட்டுல எனக்கு என்னங்க வேலை?” என்று கேட்டுவிட்டு, உண்மை வெளியே வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

சொந்த வீட்டிலும் இதே கூத்துதான். மனைவி போனைத் திறந்தால் இவர் எழுந்துவிடுவார். “கட்டின பொண்டாட்டிகிட்டயுமா இந்த மரியாதை?” என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். “தெரியாத ஒண்ணை நாம எப்படி உளற முடியும், சொல்லு?” என்பார். இதில் அவரை யாரும் அசைத்துவிட முடியாது.

போன வாரம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வீட்டிலிருந்து அவசர அழைப்பு. நேற்றுவரை திறந்த லேப்டாப், காலையிலிருந்து பாஸ்வேர்டு தவறு என்கிறது. நாற்பத்து மூன்று பிள்ளைகளின் ஒரு வருட மதிப்பெண் அதற்குள் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் அந்த வகுப்புக்கு மட்டும் முடிவு வராது. மணி மூன்று. டீச்சர் பதற்றத்தில் போட்டுப் போட்டுப் பார்த்து, இன்னும் ஒரே முறை தவறினால் பூட்டிக்கொள்வேன் என்று திரை மிரட்டிக்கொண்டிருந்தது.

டீச்சரின் தம்பிக்கு எல்லாம் தெரியும். “அக்கா, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடலாம். அரை மணி நேர வேலை.”

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனை. “அழிச்சா மார்க்கும் சேர்ந்து போயிடும் தம்பி” என்றார் சுவர்க்காரர். “டீச்சர், வேற எங்கயாவது காப்பி இருக்கா?”

“போன தடவையே எடுத்து வைக்கச் சொன்னீங்க. நாளைக்கு நாளைக்குன்னு…”

“சரி. பாஸ்வேர்டைப் போடுங்க. என்டரை மட்டும் தொடாதீங்க.” எழுந்தார். திரும்பிக்கொண்டார். எதிரே ஒரு படகுப் படம், இடப்பக்கம் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “டாக்டர்னா நோயாளியைப் பார்ப்பாரு. நீங்க சுவத்தைப் பார்க்கிறீங்க. நல்ல வைத்தியம்!”

அவர் காது லேப்டாப் பக்கமே இருந்தது. டக், டக் என்று விசைகள் விழுந்தன. “அழிச்சிட்டு இன்னொரு தடவை போடுங்க, நிதானமா” என்றார். மறுபடி விழுந்தன.

“மொத்தம் எத்தனை எழுத்து டீச்சர்? எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்க.”

“ஒன்பது.”

“எட்டுச் சத்தம்தான் கேட்டுது. நாலாவது, தலையணையில குத்தின மாதிரி சத்தமே இல்லாம போச்சு. திரையில எத்தனை புள்ளி விழுந்திருக்கு, எண்ணுங்க.”

டீச்சர் விரல் வைத்து எண்ணினார். “அய்யோ, எட்டுதான் இருக்கு!” காலையிலிருந்து எல்லோரும் விரலையே பார்த்தார்களே தவிர, புள்ளியை ஒருவரும் எண்ணவில்லை.

“அது எந்தப் பட்டன்னு நான் பார்க்கிறேன்” என்று தம்பி எட்டிப் பார்த்தான்.

“நீங்களும் பார்க்க வேண்டாம், எனக்கும் சொல்ல வேண்டாம்” என்ற சுவர்க்காரர், திரும்பாமலே பின்பக்கமாகக் கையை நீட்டிப் பல் பிரஷைக் கொடுத்தார். “லேப்டாப்பை அணைச்சிட்டுக் கவுத்துப் பிடிங்க டீச்சர். அந்தப் பட்டனைச் சுத்தி நீங்களே மெதுவாத் தேய்ங்க.”

நாலு தேய்ப்பில் ஒரு பிஸ்கட் துணுக்கு, சர்க்கரையோடு மேசையில் உதிர்ந்தது. டீச்சர் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். “நேத்து ராத்திரி இதுல படம் பார்த்தது யாருடா?”

“நான் ஒண்ணுமே பண்ணலக்கா.”

சுவரைப் பார்த்திருந்த முதுகு லேசாகக் குலுங்கியது.

லேப்டாப் மறுபடி உயிர் பெற்றது. டீச்சர் விரலைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினார். டக், டக், டக். நாலாவதும் டக். ஒன்பது முடிந்து என்டர் விழுந்தது. “திறந்துடுச்சு! எல்லாப் பேரும் அப்படியே இருக்கு!” அதற்குமேல் டீச்சருக்கு யார் நினைவும் இல்லை, அனுப்புகிற வேலையில் மூழ்கிவிட்டார். தம்பி துணுக்கைத் துடைக்கத் துணி தேடிப் போனான். ‘திரும்புங்க’ என்று சொல்ல ஆளில்லை.

அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, பின்னால் கட்டியிருந்த கையை மெல்ல அவிழ்த்து, சுண்டுவிரல் நுனியால் அந்தப் படகை நிமிர்த்தி வைத்தார்.