எடிட்டரின் ஏழு சொற்கள்

1957 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டே கால் மணி. வானம் கறுத்திருந்தது, காற்றில் ஈரம் இருந்தது, மழை இன்னும் விழவில்லை. எங்கள் வகுப்பாசிரியர் இரண்டு கட்டுகளைப் பிரித்துப் பள்ளி ஆண்டு மலரை ஆளுக்கொரு பிரதியாகக் கொடுத்தார். நீல அட்டை, எழுபத்திரண்டு பக்கம். என் பிரதி இதை எழுதும் மேசைமேல்தான் இருக்கிறது. நீலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. மேசையில் வைத்துக் கையை எடுத்தால் அறுபத்தோராம் பக்கத்தில் தானாகத் திறந்துகொள்கிறது. அறுபத்தெட்டு ஆண்டுகளாக அந்தப் பக்கத்தைத்தான் திறந்துகொண்டிருக்கிறேன்.

அது பள்ளியை விட்டுப் போகும் ஐந்தாம் படிவத்தாரின் பக்கம். முப்பத்திரண்டு பேர்: பதினான்கு தமிழர், பதினொரு சீனர், நான்கு மலாய்க்காரர், இரண்டு சீக்கியர், ஒரு யுரேசியர். ஒவ்வொருவனுக்கும் ஒரு வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டங்கள்: பெயர், பட்டப்பெயர், பொழுதுபோக்கு, ஆசை, கடைசியில் ஆகப்போவது. பெயரும் ஆசையும் நாங்கள் எழுதிக் கொடுத்தவை. மற்ற மூன்று கட்டங்களையும் மலரின் மாணவ ஆசிரியன் நிரப்பினான். அவனை நாங்கள் எடிட்டர் என்றே அழைத்தோம், இன்றும் அப்படித்தான்.

நாடு விடுதலை பெற்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஆண்டு யாரும் சின்னதாக ஆசைப்படவில்லை. மருத்துவராக ஏழு பேர், விமானியாக நான்கு பேர், தூதராக இரண்டு பேர், அமைச்சராக ஒருவன். எங்கள் ஹாக்கி கோல்கீப்பர் ஆறடி இரண்டு அங்குலம். பொழுதுபோக்கு, பெண்கள் பள்ளி வாசலில் சைக்கிள் செயின் மாட்டுவது. ஆசை, போலீஸ் அதிகாரி. கடைசியில் ஆகப்போவது, முச்சந்தியில் விளக்குக் கம்பம். அவன் சிரம்பானில் பல் மருத்துவனானான். நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையெல்லாம் சினிமா விளம்பரம் வரைந்த சீன நண்பன் முடிதிருத்தும் கடைக்குப் பலகை எழுதுவான் என்றிருந்தது. செமினியில் இப்போது வரிசை வரிசையாக நிற்கும் வீடுகளில் இருநூற்றுப் பத்து அவன் கட்டியவை. வானொலிப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிவைத்த ஒருவன் நிரந்தர நோயாளி ஆவான் என்றிருந்தது. அவன் ஷா ஆலமில் மருத்துவமனை நடத்தி எண்பது வயதில்தான் ஓய்வெடுத்தான். ஒவ்வொருவன் என்ன ஆனான் என்று விசாரித்து அந்தந்த வரிசையின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வந்தேன். சிலவற்றை மரண அறிவிப்பைப் பார்த்துத்தான் குறிக்க முடிந்தது. முப்பத்திரண்டில் முப்பத்தொன்று பொய்த்தன. பலித்தது ஒன்று. அது என்னுடையது.

என் பட்டப்பெயர் மீட்டர். எதைக் கண்டாலும் எண்ணுவேன், அதனால் எடிட்டர் வைத்த பெயர். பள்ளிக்கூடத்தின் மாடிப்படி நாற்பத்திரண்டு, சபைக் கூடத்துச் சன்னல்கள் பதினெட்டு. இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் ரயில்வே கேங்கில் கூலி. தண்டவாளத்தின் வழியே நடந்து, அதற்கு அடியில் உளுத்துப்போன சிலிப்பர் கட்டைகளை எண்ணி, சுண்ணாம்பால் குறி போட்டு, மாற்றிப் போடுவது அவர்கள் வேலை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீடு. இரவு சோற்றில் கைவைக்கும் முன் அன்றைய கணக்கை என்னிடம் சொல்வார். “இன்னிக்கு நாப்பத்தொண்ணுடா.” எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எடிட்டரின் அப்பா ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அவர்கள் வீட்டில் தட்டச்சு இயந்திரம் இருந்தது. அவன் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா குத்தியிருக்கும். ஒன்று எழுத, ஒன்று அடித்துத் திருத்த. யார் கடிதம் எழுதினாலும் வாங்கிப் படித்து, இரண்டு வரியை நீக்கிக் கொடுப்பான். அப்புறம் அந்தக் கடிதம் நன்றாகத்தான் இருக்கும். அவனை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவனிடம் போய் அதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

செப்டம்பரில் ஒரு மாலை. மாதிரித் தேர்வு முடிந்து ரயில் பாதைக்கு மேலே இருந்த நடைபாலத்தில் நின்றோம். கீழே கேங் வேலை செய்துகொண்டிருந்தது. குனிந்திருந்த ஒன்பது முதுகுகளில் மூன்றாவது அப்பாவுடையது. என் ஆசை இங்கிலாந்து போய்ப் பயிற்சி பெற்று ஆசிரியராவது. அதை எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். பயத்தை அவன் ஒருவனிடம்தான் சொன்னேன். “எனக்கு என்ன பயம்னா, கடைசியில நானும் அவர மாதிரி கட்ட எண்ணிக்கிட்டு இங்கேயே நிப்பேனோன்னுதான்டா.” எடிட்டர் என் தோளில் கைவைத்து, “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டா” என்றான். நான் கேட்காமலே சொன்னான்.

அறுபத்தோராம் பக்கத்தில், இருபத்து மூன்றாவது வரிசையில், ஐந்தாவது கட்டத்தில் இருந்தது: அப்பாவைப் போல் தண்டவாளத்தில் சிலிப்பர் கட்டை எண்ணிக்கொண்டிருப்பான். ஆங்கிலத்தில் ஏழு சொற்கள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அன்று மழையில் நனைந்து வந்த அப்பா, கையைத் துடைத்துக்கொண்டு மலரைக் கேட்டு வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. “எதுடா உன் பேரு?” என்றார். விரலை வைத்துக் காட்டினேன். “என்ன போட்டிருக்கு?” நான் சொன்னேன்: “வாத்தியார் ஆவான்னு போட்டிருக்குப்பா.” திங்கட்கிழமை காலை மலரைச் செய்தித்தாளில் சுற்றி, கக்கத்தில் வைத்து வேலைக்கு எடுத்துப்போனார். கேங்குக்குக் காட்டுவதற்காக. கிடங்கு எழுத்தர் அதை வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்துத் தமிழிலும் சொல்லியிருக்கிறார். இது எனக்கு வேறொருவர் மூலம் பின்னால் தெரிந்தது. அப்பா மாலையில் மலரை என் மேசைமேல் வைத்தார். சாப்பிட உட்கார்ந்தார். நான் எண்ணுக்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அதன் பிறகு பதினான்கு ஆண்டுகள் உயிரோடிருந்தார். ஒரு நாளும் சொல்லவில்லை.

ஆசிரியப் பயிற்சி நேர்காணலில் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கும் அந்த வரிக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. மறு ஆண்டு ரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்தது, சரக்குக் கிடங்கில். முப்பத்தேழு ஆண்டுகள் வந்து இறங்கிய கட்டைகளையும் வெளியே போன கட்டைகளையும் எண்ணி எழுதினேன். நடுவில் மரம் போய்க் கான்கிரீட் வந்தது. அதையும் எண்ணினேன்.

எடிட்டர் தன் வரிசையில் தனக்கு எழுதிக்கொண்டது: ஆசை, நாவலாசிரியர், கடைசியில் ஆகப்போவது, நாடறிந்த நாவலாசிரியர். முப்பத்திரண்டு பேரில் கேலி இல்லாத ஒரே வரிசை. கிள்ளானில் காப்புறுதி முகவராக இருந்து நன்றாகவே சம்பாதித்தான். இருவரும் மனைவியை இழந்த பிறகு, ஞாயிறு தவறாமல் காலை பத்து மணிக்கு என்னை அழைப்பான். “என்ன மீட்டர், இன்னும் ஓடுதா?” என்றுதான் தொடங்குவான். நானும் பேசுவேன். அந்த ஏழு சொற்களை நான் மறந்துவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

சென்ற ஆண்டு பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயதுக்காரர். “அங்கிள், அந்தப் பக்கம் முழுசா இருக்கிறது உங்ககிட்ட மட்டும்தானாம். சிறப்பு மலர்ல அப்படியே போடலாம்னு இருக்கோம். யார் யார் கடைசியில என்ன ஆனாங்கன்னு நீங்களே பக்கத்துல எழுதித் தர்றீங்களா?” ஆறாவது கட்டம். அதை என் கையில் கொடுத்தார். அவர் போன பிறகு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

நியாயமாக நடக்க வேண்டும் என்று நினைத்தேன். எடிட்டருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். எடிட்டர் வீட்டு வாசல் முகப்பில் நாற்காலியில் இருந்தான். கண் இரண்டும் மங்கிவிட்டன. செய்தித்தாளை மகள்தான் வாசித்துக் காட்டுகிறாள்.

“வா மீட்டர். எத்தனை ஸ்டேஷன்?”

“பதினாலு.”

“பாத்தியா, இன்னும் ரிப்பேர் ஆகல.”

மகள் தேநீர் கொண்டுவந்தாள். ஐம்பது வயது இருக்கும், நல்ல பெண். “அங்கிள், அப்பா நாவலுக்கு முன்னுரை நீங்கதானாம். எப்பவோ முடிச்சிட்டாராம், திருத்தந்தான் பாக்கியாம். கட்டப் பிரிக்கக்கூட எங்கள விடமாட்டாரு. நாந்தான் வாரா வாரம் தூசி தட்டி வைக்கிறேன்” என்றாள். கூடத்து அலமாரியில் சிவப்பு நாடா கட்டிய தாள்கட்டு ஒன்று, ஒரு சாண் உயரத்துக்கு, மேல் தட்டில் தனியாக இருந்தது.

அவள் உள்ளே போனதும் எடிட்டர் கேட்டான். “என் பேருக்கு நேரா என்ன போடப் போற?”

“இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்.”

“எழுத்தாளர்னு போடுலா. என்ன குறஞ்சிடும் உனக்கு?”

அப்போதுதான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். மழை, செய்தித்தாளில் சுற்றிய மலர், கிடங்கு எழுத்தர், சொல்லாமல் போன எண்கள். அறுபத்தெட்டு ஆண்டுகளில் முதல் தடவை. அவன் மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எழுத்தாளர் என்றே போட்டிருப்பேன். நாடறிந்த என்றுகூடச் சேர்த்திருப்பேன்.

எடிட்டர் சிரித்தான். “டேய், அது ஜோக்குடா. நீ சொன்னதத்தான எழுதினேன்? முப்பத்திரண்டுல உன்னோடதுதான் பெஸ்ட். ஒரு வார்த்த கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது.” அந்த வரியை ஆங்கிலத்தில் பிசகாமல் சொல்லியும் காட்டினான். அவன் அதை மறக்கவில்லை. ரசித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

நான் தேநீரைக் குடித்தேன். பிறகு அவன் உள்ளே திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “மீட்டர், ஒண்ணு சொல்றேன், பொண்ணுக்குத் தெரியக் கூடாது. அந்தக் கட்டு பூராவும் வெறும் தாளுடா. எத்தனையோ தடவ உக்காந்து பாத்துட்டேன். அந்தப் பக்கத்துக்கு அப்புறம் ஒரு வரி வரல. செத்தப்புறம் பிரிச்சுப் பாப்பாங்களேன்னுதான் தூக்கம் வரமாட்டேங்குது.”

அவன் தோளில் கைவைத்தேன். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டா” என்றேன்.

திரும்பும் ரயிலில் பதினான்கு நிலையங்களும் எப்படிப் போயின என்று தெரியவில்லை. வாழ்நாளில் எண்ணாமல் விட்ட பயணம் அது ஒன்றுதான். வரி என் மனத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. சுருக்கினேன், இரண்டு சொற்களை நீக்கினேன். அதை அவனிடமிருந்துதான் கற்றிருந்தேன்.

சிறப்பு மலர் வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தின் மாடியில். எங்கள் வகுப்பில் உயிரோடிருப்பவர்கள் ஐந்து பேர். வந்தவர்கள் மூன்று பேர். எடிட்டரை மகள் கைபிடித்து அழைத்து வந்தாள். மலர் கைக்கு வந்ததும், “வாசிம்மா, எல்லாருக்கும் கேக்கட்டும்” என்றான். அவள் முதல் வரிசையிலிருந்து தொடங்கினாள். விளக்குக் கம்பம் பல் மருத்துவரானபோது மேசையே சிரித்தது. எடிட்டரும் தொடையைத் தட்டிச் சிரித்தான். இருபத்து மூன்றாவது வரிசையில் எனக்கு நானே எழுதிய ஆறாவது கட்டம் வந்தது: அப்பாவைப் போலவே எண்ணினார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. இருபத்தேழாவது வரிசை எடிட்டருடையது. ஆசை, நாவலாசிரியர். கடைசியில் ஆகப்போவது, நாடறிந்த நாவலாசிரியர். உண்மையில் ஆனது, நான் ஆங்கிலத்தில் எழுதியபடி: இந்தப் பக்கத்துக்குப் பின் ஒரு வரியும் எழுதவில்லை.

அவள் குரல் கடைசிச் சொல்லில் இறங்கிவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள். “அப்பா, அப்ப அந்தக் கட்டு?”

எடிட்டர் நான் உட்கார்ந்திருந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். அவனுக்கு நான் தெரிந்திருக்க மாட்டேன்; வெளிச்சத்தில் ஒரு நிழலாக இருந்திருப்பேன். உதடு அசைந்தது. வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். ஐந்து முடிந்ததும் இடது கையில் இரண்டு.

“ஏழு” என்றான். “கரெக்டா ஏழு.” பிறகு மகளின் கையைத் தேடிப் பிடித்து எழுந்தான். இலையில் வைத்தது வைத்தபடியே இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று அந்த வரியைத் தமிழில் இரண்டு முறை வாசித்தேன். அந்தப் பெண் கேட்ட கேள்வி மட்டும் அவ்வப்போது காதில் விழுகிறது. அவளை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. மற்றபடி வருத்தமில்லை. மறு பதிப்புக்கு மாற்றலாமா என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்றேன்.

நீலம் வெளுத்த பழைய மலர் மேசைமேல் திறந்து கிடக்கிறது. இன்றும் வானம் கறுத்திருக்கிறது, மழை விழவில்லை. மணி பத்தே முக்கால். பத்திலிருந்து தொலைபேசியின் பக்கத்தில்தான் இருக்கிறேன், அது அடிக்கவில்லை. அந்த விருந்துக்குப் பிறகு இன்றோடு ஏழு ஞாயிற்றுக்கிழமைகள்.