புது மணியும் ராகு காலமும்

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு என் மகளுக்குப் பனிக்குடம் உடைந்தது. கூடத்தில் நின்ற ஆளுயரக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் மணி சொல்கிறேன். இன்றும் நான் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அதை வாங்கியதில் எனக்கும் பங்கு உண்டு. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார். என் கணவர் கட்டில் வாங்கத்தான் போனார். நான்தான் கடிகாரத்தின் முன்னால் நின்றுவிட்டேன். துரையின் பாட்டன் காலத்தில் செய்தது. மதராசுக்குக் கப்பலில் வந்து, மலைக்கு ஆள் தோளில் ஏறியதாம். கதவைத் திறந்தால், அதைத் துடைத்து எண்ணெய் போட்டவர்கள் ஒவ்வொருவரும் உள்பலகையில் பென்சிலால் தேதி எழுதியிருந்தார்கள். அதைப் படித்துத்தான் மயங்கினேன். பங்களாச் சமையல்காரர் ஈயக் குண்டுகளையும் பெண்டுலத்தையும் கழற்றித் தனியே கட்டிக் கொடுத்தார். "முள்ளைப் பின்னால மட்டும் தள்ளிடாதீங்கம்மா, மணியடிக்கிறது கெட்டுப்போகும்" என்றார். வைக்கோல் பரப்பி வண்டியில் படுக்க வைத்து, ஓமலூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தோம்.

பிறகு உலகச் சண்டைக் காலத்தில் அரசாங்கம் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி முன்னால் தள்ளச் சொன்னது. ரயிலும் தபாலாபீசும் புது மணிக்கு மாறின. பேப்பர் படிக்கிறவள் நான். நானே நாற்காலி மேல் ஏறி முள்ளைத் தள்ளினேன். பஞ்சாங்கம் பழைய மணியிலேயே இருந்தது.

மகள் தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். இரண்டு மைலில், மாதா கோயில் பக்கத்தில், பிரசவம் பார்க்கும் நர்ஸ் ஒருவர் இருந்தார். அவரை அழைத்துவர வண்டியைப் பூட்டச் சொன்னேன். என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"திங்கக்கெழம ஏழரை ஒம்பது ராகு காலம். ஒம்பது அடிக்கட்டும், போலாம்."

தலைப்பிரசவம், வலி நேரமெடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெந்நீர் போட்டேன். படித்த கழுதை.

ஒன்பது அடித்தது. மாட்டை நுகத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது என் கணவரின் அண்ணன் வேப்பங்குச்சியை மென்றுகொண்டே அடுத்த வீட்டிலிருந்து வந்தார்.

"எங்க தம்பி வண்டி?"

"நர்ஸம்மாவக் கூட்டியாரத்தானுங்கண்ணா. ஒம்பது அடிச்சிருச்சு."

"அது புது மணியல்ல? பஞ்சாங்கத்துக்கு இப்பத்தான் எட்டு. ராகு நடுவூட்டுல உக்காந்திருக்கறான்."

"கடியாரத்துல..."

"ஏன், ராகுவுக்கும் வெள்ளக்காரன் உத்தரவு போட்டுட்டானா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். வண்டிக்காரனும் சிரித்தான். உள்ளே என் மகள் கத்திக்கொண்டிருந்தாள்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "முள்ளத் தள்ளுனது நீதான? இப்பப் பாரு."

அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. பனிக்குடம் உடைந்தபோது பழைய மணிக்கு ஆறரை. இவர்களுடைய ராகு வருவதற்கு முழுதாக ஒரு மணி நேரம் இருந்தது. அந்த நல்ல நேரத்தை ராகு காலம் என்று நினைத்து உட்கார்ந்து கழித்தோம். இப்போது நிஜமான ராகு காலத்தையும் உட்கார்ந்து கழிக்க வேண்டுமாம்!

"ஏனுங்க, அவளுக்கு ரத்தம் போவுதுங்க!"

"இன்னொரு மணி நேரந்தான் புள்ள. கெட்ட நேரத்துல போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

அவருக்கும் அவள் மகள்தான். அதற்காக என் கோபம் குறைந்துவிடுமா?

நான் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு "பூட்டுடா" என்றேன். வண்டிக்காரன் என் கணவரின் முகத்தைப் பார்த்தான். மாட்டைத் தொடவில்லை.

தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த பெண் கூடையை இறக்கி வைத்தாள். "நான் போறனுங்கம்மா. எனக்கு ஏதுங்க ராகு?" என்று தோட்டத்து வழியே ஓடத் தொடங்கினாள். அவளை நிறுத்த என் கணவரின் அண்ணன் கையைத் தூக்கினார்.

"அவள நிறுத்துனீங்கன்னா நான் கெணத்துல உழுந்துருவனுங்க."

கல்யாணமாகி வந்த இருபது வருஷத்தில் அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஏழரைக்கே உயர்த்தியிருக்க வேண்டும்.

என் மகள் பிழைத்துக்கொண்டாள். இதை எழுதும்போது பக்கத்து அறையில் துணி மடிக்கிறாள். மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

நர்ஸ் வந்து சேர்ந்தபோது கடிகாரம் பத்து அடித்து ஓய்ந்திருந்தது. நல்ல நேரம் வந்துவிட்டதென்று என் கணவர் வாசலில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு மைல் நடந்து வந்த மூச்சிரைப்போடு நர்ஸ் நேரே உள்ளே போனார். மகளின் வயிற்றில் மரக்குழலை வைத்துக் காது கொடுத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் மாற்றினார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கொழந்தைக்குத் துடிப்பு இல்லீங்கம்மா. தாயக் காப்பாத்தணும். சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போவணும், இப்பவே வண்டியப் பூட்டச் சொல்லுங்க. நேரம் பாக்கறவங்க ஒருத்தரும் கூட வர வேண்டாம்."