ஒரு சுற்றுப் பெரிய ஹெல்மெட்

குழந்தைகளுக்குத் தைக்கும்போது மடிப்புக்குள் இரண்டு விரல் துணி கூடுதலாக விடாமல் தையலக்கா ஒருநாளும் தைத்ததில்லை. "வளர்ற பிள்ளை" என்பாள். அடுத்த வருடம் மடிப்பைப் பிரித்தால் பாவாடை மறுபடி கணுக்காலைத் தொடும்.

அதே கணக்கில்தான் மகளுக்கு சைக்கிள் ஹெல்மெட்டையும் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கினாள். புருஷனைப் பிரிந்தபோது, "இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். மகள் அப்பாவோடு வேறு ஊரில். விடுமுறைக்கு மட்டும் வருவாள். பள்ளிக்கூடச் சாலையில் லாரி ஓடுகிறது என்று கேட்டதிலிருந்து அம்மா தினமும் ஃபோன் போட்டாள்.

"ஹெல்மெட் போட்டுக்கிறியாடி?" ஃபோனில் முதல் கேள்வி அதுதான்.

"ம்ம்ம்..."

அந்த இழுப்பே பொய் என்று சொல்லிவிடும்.

ஒருநாள் எதிர்வீட்டுச் சின்னவள் கவுனுக்கு அளவு கொடுக்க வந்தாள். ஹெல்மெட் சைக்கிள் கைப்பிடியில் தொங்கியது.

"ஏன்டி, சைக்கிளுக்கா தலை வலிக்குது?"

"அது கண்ணு மேல வந்து உக்காருது அத்தை. தூக்கித் தூக்கி விட்டுத்தான் வழி பாக்கணும்."

தையலக்கா அதை எடுத்து அவள் தலையில் மாட்டிப் பார்த்தாள். சின்னவள் தலையை ஆட்டினாள்; முகம் ஒரு பக்கம் போனது, ஹெல்மெட் ஒரு பக்கம் போனது.

கூட வந்த அவள் அம்மா சிரித்தாள். "வளர்ற பிள்ளைன்னு நீங்கதானேக்கா சொல்வீங்க? நாலு வருஷத்துக்குச் சேத்து வாங்கிட்டேன்."

தையலக்காவுக்குச் சுருக்கென்றது. "துணியை மடிச்சு வைக்கலாம். தலைய மடிச்சு வைக்க முடியுமா?"

அன்றிலிருந்து கவுனுக்கு வந்தாலும் கால்சட்டைக்கு வந்தாலும் புருவத்துக்கு மேலே நாடாவைச் சுற்றித் தலையளவும் எடுத்துச் சொல்லி அனுப்பினாள். சில மாதங்களில் அந்தத் தெருவின் ஹெல்மெட்டுகள் கைப்பிடியை விட்டுத் தலைக்கு ஏறின.

மகளிடமும் சொன்னாள். "அம்மாதான் தப்பா வாங்கிட்டேன் கண்ணு. ஒரு நூலை நெத்தியச் சுத்திப் பிடிச்சு..."

"நான் பிடிக்க மாட்டேன். நீ வந்து அள."

"அப்பாவக் கடைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

"நீ வா."

"சரி, வர்றேன்."

அப்பாவே வாங்கித் தந்துவிட்டார். படம் வந்தது. ஹெல்மெட் நெற்றியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் போகுமா என்று தையலக்கா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். விரல் ஃபோன் கண்ணாடியில்தான் முட்டியது.

"எப்பம்மா வர்றே?" இப்போது ஃபோனில் முதல் கேள்வி மகளுடையது. "வர்றேன்" என்று கொடுத்த அந்தச் சொல் இன்னும் கடனாகவே நிற்கிறது.