நெஞ்சுக்குள் புகுந்த காற்று

போன வருஷம் ஐப்பசி மாதம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு. மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் நான் புவியியல் ஆசிரியர். டெல்லியில் இருந்த என் அக்காவுக்கு நுரையீரலில் தீராத நோய். அன்று காலை அவள் மகன் போன் செய்தான். “மாமா, டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. அம்மா உங்களைத்தான் கேக்கறாங்க.”

என்னைப் பள்ளியில் சேர்த்ததும், எனக்குப் பெண் பார்த்ததும் அக்காதான். இரவு விமானத்தில்தான் இடம் கிடைத்தது. எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் போட்டேன்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கும்போது இடது நெஞ்சில் சுருக்கென்று ஒரு குத்தல். சுளுக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். வலி குறையவில்லை, நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கியது. மழைக்குப் பயந்து மத்தியானமே ஆட்டோவில் கிளம்பினோம். போகிற வழியில் ஒரு கிளினிக்கைப் பார்த்ததும் மனைவி நிறுத்தச் சொன்னாள். “ஒரு ஊசி போட்டுக்கிட்டுப் போயிடலாங்க. ராத்திரி பூரா உக்காந்து வரணும்.”

அந்தப் பெண் டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். பிறகு, “எங்க கிளம்பிட்டீங்க?” என்றார். சொன்னேன். “பிளைட்டா? முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க” என்று பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்.

படத்தில் இடப்பக்கம் வெறும் கறுப்பாக இருந்தது. நுரையீரலில் சின்னதாக ஓர் ஓட்டை. அதன் வழியாகக் கசிந்த காற்று நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே தங்கி, நுரையீரலைச் சுருங்க வைத்திருந்தது.

“நீங்க பிளைட் ஏறக் கூடாது சார்.”

எனக்குக் கோபம் வந்தது. “டெல்லியில போய் அட்மிட் ஆயிடறேன். ரெண்டு மூணு மணி நேரம்தானே?” என்றேன்.

“மேல போகப் போக பிளைட்டுக்குள்ள இருக்கற அழுத்தம் குறையும். உங்க நெஞ்சுல மாட்டியிருக்கற காத்து விரியும். இதயத்தையே அழுத்தினாலும் அழுத்தும். அங்க யார் அதை எடுப்பாங்க?”

வளிமண்டலத்தைக் கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவன் நான். விமானம் பறக்கும் உயரத்தில் காற்று எவ்வளவு மெலிந்திருக்கும், விமானத்துக்குள் எவ்வளவு காற்றை அடைத்தாலும் ஏறக்குறைய ஊட்டியில் இருக்கும் அழுத்தம்தான் கிடைக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அது என் விலா எலும்புக்குள் நடக்கும் என்றுதான் நினைத்ததில்லை.

அதே ஆட்டோவில் அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விலா இடுக்கில் குழாய் போட்டார்கள். குழாயின் மறுமுனை பாட்டில் தண்ணீருக்குள் இருந்தது. நான் இருமும்போதெல்லாம் தண்ணீரில் குமிழிகள் வந்தன. உள்ளே இருக்கிற காற்று வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது.

மனைவி போக மாட்டேன் என்று அழுதாள். “இனிமே எனக்கு ஆபத்தில்ல. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது அக்கா பக்கத்துல இருக்கணும்” என்றேன். அப்போதும் அவள் தயங்கியபடி நின்றாள். பெட்டியோடு வாசலில் காத்திருந்த ஆட்டோக்காரர் உள்ளே வந்தார்.

“சார், நீ இன்னாத்துக்குக் கவலப்படற? வூட்டுக்காரம்மாவை ஏர்போர்ட்ல உட்டுட்டு நேரா இங்க வந்துர்றேன். உங்க ஆளுங்க வர்ற வரைக்கும் நான் குந்திக்கினு இருக்கேன்.”

சொன்னபடியே வந்தார். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் வந்து சேரும்வரை பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். “மீன் தொட்டி மாரி கீது சார்” என்று பாட்டிலைப் பார்த்துச் சொன்னதைத் தவிர அதிகம் பேசவில்லை. பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை மனைவி டெல்லியிலிருந்து பேசினாள். நான் ஏன் வரவில்லை என்று அக்கா கேட்டாளாம். பொய் சொல்ல மனம் வராமல் இவள் நடந்ததைச் சொல்லிவிட்டாளாம். முகத்திலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி அக்கா சொன்னது இதுதான்: “அவன் வர வேணாம். மூச்சு கிடைக்கலன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவனுக்கு அது வேணாம்.”

அன்று மதியமே அக்கா போய்விட்டாள். காரியங்கள் எல்லாம் அங்கேயே முடிந்தன. நான் நெஞ்சில் குழாயோடு படுத்திருந்தேன்.

கடைசியாக அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போன வலி இன்னும் ஆறவில்லை. ஆனால் அவள் எனக்கு வேண்டாம் என்று சொன்ன ஒன்றிலிருந்து தப்பி உயிரோடு இருப்பதும் அவளுக்கு நான் செய்யும் மரியாதைதான் என்று கொஞ்சம் கொஞ்சமாக நம்பப் பழகி வருகிறேன்.