ஒரு முழத் துணியில் விழுந்த வெளிச்சம்

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. நஞ்சுண்டேசுவரரைத் தரிசித்துவிட்டு, நஞ்சன்கூட்டிலிருந்து காலை ரயிலில் மைசூருக்குப் போனேன். பதினைந்து மைல், மூன்றாம் வகுப்பில் நாலணா. போன காரியம் படம் பார்ப்பதல்ல. பிள்ளையில்லாத என் ஓரகத்தி என் இளைய மகனைச் சுவீகாரம் கேட்டிருந்தாள். வீட்டு ஆண்கள் எல்லோரும் சரி சொல்லியாயிற்று. என் வாயிலிருந்து வர வேண்டியதுதான் பாக்கி.

அவளே ரயிலடிக்கு வந்திருந்தாள். வீட்டுக்குப் போனால் அந்தப் பேச்சு வந்துவிடுமே என்று, அரண்மனைச் சித்திரசாலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். ஜட்காக்காரர் எங்கள் முகங்களைப் பார்த்தார். "சண்டையாம்மா? அப்படின்னா ஸ்வல்ப சுத்திப் போறேன், ஆறிடும்" என்றார்.

மாடியில் சுவர் முழுக்க ஒரே படம். போரில் தோற்ற அரசன் தன் மகனைப் பிணையாக ஒப்படைக்கிறான். நடுவில் இருப்பவர்தானே மூலவர் என்ற கோயில் பழக்கத்தில் அரசனைப் பார்த்துக் கைகுவித்துவிட்டேன். அவன் முகமோ இருட்டில் இருந்தது. பத்தடி பின்னால் வந்து நின்றேன்.

தீபாராதனையில் தட்டு போகிற வழியேதானே நம் கண்ணும் போகும்? அப்படியே வெளிச்சத்தைத் தொடர்ந்தேன். அது இடப்புறச் சாளரத்தில் நுழைந்து, குழந்தையின் பாதத்தில் விழுந்து, அவன் அங்கவஸ்திரத்தின்மேல் ஓடி, தூண் மறைவில் ஒரு கையில் போய் நின்றது. ராணியின் கை. துணியின் நுனியை அவள் விடவில்லை. வேல்கள், கொடிகள், வீரர்களின் தோள்கள் எல்லாம் வாசல் பக்கம் சாய்ந்து இழுக்க, அந்த ஒரு முழத் துணி மட்டும் விறைத்து எதிர்ப்பக்கம் இழுக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கர்ப்பக்கிருகத்தில் திரை விலகும்போது நிற்பதுபோல் நின்றேன்.

ஓரகத்தியும் என் பக்கத்தில் வந்து அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, "இவ விடமாட்டா போலிருக்கே" என்றாள்.

"விட்டுத்தானே ஆகணும் அக்கா."

"துணியை அறுத்தாத்தான் உண்டு. அறுக்கிறவளா நான் இருக்கணுமாடி?"

நழுவியிருந்த என் முந்தானையை அவளே எடுத்துத் தோளில் போட்டாள். "பையன் உன்கிட்டயே இருக்கட்டும். லீவுக்கு அனுப்பு, போதும்."

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். மதியத்தில் எண்ணெய் வர்ணம் பளபளத்துக் கண் கூசும். கிட்டே போனால் வெறும் திட்டுகள்தான். தள்ளி நின்று, பாதத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஜட்காவுக்கு நாலணாவுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

சித்திரையில் பையனுக்கு அரை டிக்கெட் எடுத்தேன். தையில் என்னை ரயிலேற்றும்போது அக்கா சொல்லியனுப்பியபடியே எடுத்தேன்: "ரிட்டர்னா வாங்குடி. இல்லேன்னா எனக்கு மனசு மாறிடும்."