ஏழு கருடன், ஏழு துண்டு

வடகரப்பதிக் குப்பண்ணனின் கடலைக்காட்டின் மேல்தான் கள்ளியம்பாறை விமான நிலையத்துக்கு ஓடுபாதை போட்டார்கள். காட்டை எடுத்துக்கொண்டு, அவருக்கு அங்கேயே பறவை விரட்டும் வேலை கொடுத்தார்கள். கையில் ஒரு தகர டப்பா, ஒரு குச்சி. காலையில் ஒரு விமானம், சாயங்காலம் ஒன்று. அவை வருவதற்கு முன்னால், முன்பு கடலைக்குக் காவல் நின்ற அதே மண்ணில் "ஓய் ஓய்" என்று டப்பாவைத் தட்டிக்கொண்டு நடப்பார்.

எழுபத்துநாலில் சகாயம் சார் பாதுகாப்பு அதிகாரியாக வந்தார். வண்டிப்பெரியார் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், நல்ல மனுஷன். வேலிக்கு வெளியே ஒரு குழி இருந்தது. சுற்றுவட்டார இறைச்சிக்கடைக் கழிவெல்லாம் அதில்தான் விழும். அதைத் தின்ன வந்த பறவைகள் விமானத்துக்குக் குறுக்கே பறந்தன.

"இந்தக் குழியை மூடச் சொல்லணும்னா மேலிடத்துக்கு வாய்ப்பேச்சு போதாதுய்யா, எண்ணிக்கை வேணும்" என்றார் சகாயம் சார். "ஓடுபாதையில செத்துக் கிடக்கிற ஒவ்வொண்ணையும் எங்கிட்டக் கொண்டாந்து காட்டும்."

குப்பண்ணன் காக்காய் கொண்டுபோனார், மைனா கொண்டுபோனார். சார் எழுதிக்கொள்வார். எழுதி முடித்ததும், பெருக்குகிற சுடலை அதைத் தூக்கி அதே குழியில் வீசுவான்.

ஆடி மாதம் ஒரு காலையில் ஓடுபாதை நடுவே கருடன் கிடந்தது. செம்மண் நிறச் சிறகு, வெள்ளைக் கழுத்து. வானத்தில் கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டு "கோவிந்தா" சொல்லாமல் அடுத்த அடி வைக்காத மனிதர் அவர். பெருமாளைச் சுமக்கிற உடம்பை மாட்டுக் குடலோடு வீசக் கொடுப்பதா? தோள்துண்டில் சுற்றி, வேலியோரத்து வேப்பமரத்தடியில் மஞ்சள் தூவிப் புதைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. காக்காயும் மைனாவும் அத்தனை கொடுக்கிறோமே, எண்ணிக்கைக்கு அது போதாதா என்று நினைத்துக்கொண்டார். அந்தக் குழியை மூடவேண்டும் என்று அவரும்தான் தினம் வேண்டினார். குழி இருக்கிறவரை கருடன் சாகும்.

ஒரு வருஷத்தில் ஏழு ஆயிற்று. மனைவி மயிலாத்தாள் ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இது ஏழாவது துண்டு. அங்க எவளுக்குங்க முக்காடு போட்டு வுடறீங்க?"

"காத்துல போயிருச்சு புள்ள."

"காத்துக்கு உங்க துண்டுதான் கெடச்சுதாக்கும்!"

அடுத்த ஆடியில் மேலிடத்துப் பதில் வந்தது. சகாயம் சார் அதை மேசையில் போட்டார்.

"காக்கா, மைனாவெல்லாம் எல்லா ஊர்லயும் அடிபடுமாம். பருந்து மாதிரிப் பெரிய பறவை வருஷத்துக்குக் கொறஞ்சது அஞ்சு அடிபட்டாத்தான் ஆபத்தாம். நம்ம கணக்குல ஒண்ணுகூட இல்லையாம். குழி அங்கேயே இருக்கட்டுமாம். வானம் பூராப் பருந்து சுத்துது, தரையில ஒண்ணுகூட விழலையேய்யா?"

குப்பண்ணன் டப்பாவையும் குச்சியையும் தரையில் வைத்தார்.

"ஏழு வுழுந்துச்சுங்க சார்" என்றார். எல்லாவற்றையும் சொன்னார்.

சகாயம் சார் கத்தவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. "பறவைக்கு அடக்கம் பண்ணினீரு, சரி. அந்த விமானத்துல நாப்பது பேரு போறாங்கய்யா. அவங்களுக்கும் சேத்துத் தோண்டி வச்சிருக்கீரா?"

மறுபடி எழுதிப் போட்டதில் மேலிடத்திலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். அவர் முன்னால் குப்பண்ணனே தன் கையால் தோண்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் வாய்க்குள் கோவிந்தா சொன்னார். கரையான் அரித்த துணி, கொஞ்சம் எலும்பு, மண்ணோடு மண்ணான இறகு. வந்தவர் குச்சியால் கிளறினார்.

"இது கோழி இல்லேன்னு யாரு சொல்றது? எங்க செத்தது, என்னிக்குச் செத்தது? உன் துண்டு வந்து சாட்சி சொல்லுமா?"

ஜீப் போய்விட்டது. ஏழுக்கும் அடக்கமும் இல்லை, கணக்கும் இல்லை.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. குப்பண்ணன் விரதம். டப்பாவைத் தட்டித் தட்டிக் கை வலித்தது. காலை விமானம் மேலே எழும்பியபோது தொப்பென்று ஒரு சத்தம். இடதுபக்க இஞ்சினிலிருந்து புகை. விமானம் வளைந்து திரும்பி, தடதடவென்று இறங்கி நின்றது. யாரும் சாகவில்லை. கைக்குழந்தையோடு இறங்கிய ஒரு பெண் ஓடுபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த இடம் குப்பண்ணனின் பழைய காட்டில் கிணற்றுமேடு இருந்த இடம்.

அவர் போய், இஞ்சினில் அடிபட்டு விழுந்து கிடந்த கருடனை எடுத்தார். ஒரு சிறகுதான் முழுசாக இருந்தது. துண்டில் சுற்றவில்லை. வெறுங்கையில் ஏந்தி அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்.

"எழுதிக்குங்க சார்."

சகாயம் சார் எழுதினார்: பெரிய பறவை, ஒன்று.

"இப்பவாச்சும் மூடுவாங்களாங்க?"

"ஆள் சாகலைன்னா இதுவும் கணக்குல ஒண்ணுதான்" என்றார் அவர், நிமிராமல். "இன்னும் நாலு வேணும்ய்யா."

சுடலை அதைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் வேலிக்கு மேலே வீசினான். குழிக்கு மேலே மூன்று கருடன்கள் வட்டமிட்டுத் தாழ்ந்தன. குப்பண்ணனின் கை தானாகக் கன்னத்துக்கு எழுந்தது. பாதியில் நின்றது, விரலெல்லாம் ரத்தம். வேட்டியில் துடைத்துக்கொண்டு தகர டப்பாவை எடுத்தார்.